முதல் மிடறு எங்கே தொடங்குகிறது? வடக்கின் பதின்ம வயதினரும் மதுவும்

வடக்கில் மதுவைப் பற்றிய விவாதம் ஒரு எண்ணிக்கையில் தொடங்கி அதே எண்ணிக்கையில் முடிந்துவிடுகிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும் பிரதேச சபை அமர்வுகளிலும் தேர்தல் மேடைகளிலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். எத்தனை மதுபானசாலைகள், யாருடைய சிபாரிசில், எந்தப் பாடசாலைக்கு எத்தனை மீற்றர் தூரத்தில்? 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட அனுமதிகள் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வடமாகாணமும் அந்தப் பட்டியலில் இருந்தது. யார் கடிதம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று சில வாரங்கள் பேசினோம். பிறகு அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது.

அந்தக் கேள்வி நியாயமானது, அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி நீண்டகாலமாகக் கேட்கப்படாமல் கிடக்கிறது. பத்தாம், பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பொடியன் முதன்முதலாகக் குடிப்பது எப்படி நிகழ்கிறது? அப்படிக் குடித்துப் பார்த்த பத்துப் பேரில் பெரும்பாலானோர் பின்னர் சாதாரணமாக வாழ்ந்துவிட, ஓரிருவர் மட்டும் இருபத்தைந்து வயதில் கை நடுங்காமல் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாதவர்களாக ஆவது ஏன்? மதுபானசாலையின் முகப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையை உருவாக்கிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுசாரம் விற்கக்கூடாது. விளம்பரமும் செய்யக்கூடாது. ஆனால் ஒரு பொடியனுக்குப் போத்தல் வந்து சேரும் வழிகளில் கவுண்டர் ஒன்று மட்டுமே. மோட்டார் சைக்கிளில் வரும் பெரிய அண்ணன் ஒருவர் வாங்கிக் கொடுப்பார். கலியாண வீட்டின் பின்வளவில் மாமாமார் இருக்கும் இடத்தில் ‘இவனுக்கும் கொஞ்சம் ஊத்து’ என்று ஒரு குரல் கேட்கும். மீசை அரும்பிய ஒருவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது விற்பவருக்குச் சிரமமான காரியமாகத் தெரியும். இவை எதுவும் கிடைக்காத உட்கிராமத்தில் கசிப்பு இருக்கும். அதற்கு அனுமதிப்பத்திரமும் கிடையாது, வயதும் கிடையாது.

‘பியர்தானே’

தொடக்கம் பெரும்பாலும் பியர்தான். ‘பியர்தானே, அது உடம்புக்குக் குளிர்ச்சி’ என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பொடியன்கள் எங்கள் ஊர்களில் குறைவு. இந்தச் சொல்லின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். இலங்கையில் விற்பனையாகும் ‘ஸ்ட்ராங்’ வகைப் பியர்களில் மதுசாரத்தின் அளவு 8 சதவீதத்துக்கும் மேல். 625 மில்லிலீற்றர் கொண்ட பெரிய போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 50 மில்லிலீற்றருக்கும் அதிகமான தூய மதுசாரம் இருக்கிறது. 33 சதவீத அளவுள்ள சாராயத்தில் கால் போத்தல் குடித்தால் உள்ளே போவது ஏறத்தாழ 60 மில்லிலீற்றர். அதாவது, ‘பியர்தானே’ என்று சொல்லி ஒரு பெரிய போத்தலை முடிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை கிட்டத்தட்டக் கால் போத்தல் சாராயத்தைக் குடித்திருக்கிறான். அவனுக்கும் அது தெரியாது. அவனைக் கண்டு ‘நல்லவேளை, சாராயம் இல்லை’ என்று ஆறுதலடையும் தாய்க்கும் தெரியாது.

கள்ளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கள்ளும் மதுதான். அது அழித்த குடும்பங்களும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதில்லை. கள்ளைக் குடித்தவர்கள் கௌரவமாக இருக்க, அதை இறக்கியவர்கள் மீது மட்டும் இழிவைச் சுமத்திய சமூகம் எங்களுடையது. ஆனால் தவறணைக்கு ஒரு இடமும் ஒரு நேரமும் இருந்தது. அங்கே யார் இருக்கிறார், யாருடைய மகன் வந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வயதுப் பொடியன் ஒருவன் பிளாவைக் கையில் வாங்கினால் பொழுதுபடுமுன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். போத்தலில் அடைத்து மூடிய மது இந்தக் கண்களிலிருந்து தப்பிவிட்டது. அதைப் புத்தகப் பையில் வைக்கலாம், குளக்கட்டுக்குக் கொண்டு போகலாம், ரியூசன் முடிந்து வரும் வழியில் மதகடியில் இருந்து முடித்துவிட்டு வாயில் ஒரு பாக்கைப் போட்டுக்கொண்டு வீடு வரலாம். கட்டுப்பாடு குறைந்தது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒரு பெரும் பகுதி, பார்க்கும் கண்கள் குறைந்தது என்பதுதான்.

அந்த வயது மூளை

பதின்ம வயதினர் குடிப்பது பெரியவர்கள் குடிப்பதன் சிறிய வடிவம் என்று நினைக்கிறோம். உடலின் கணக்கு வேறு. விளைவுகளை எடைபோடுவதும் ‘இப்போது வேண்டாம்’ என்று தன்னைத் தானே தடுப்பதும் மூளையின் முன்பகுதியின் வேலைகள். அந்தப் பகுதி முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. ஆனால் இன்பத்தையும் புதுமையையும் தேடும் பகுதிகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே வேகமெடுத்துவிடுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கு இயந்திரம் பூட்டியாகிவிட்டது, பிரேக் இன்னும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீதிகளில் இந்த உவமை உவமையாக மட்டும் இருப்பதில்லை என்பது துயரம்.

மது மூளைக்குள் போனதும் டோபமைன் என்ற இரசாயனம் சுரக்கிறது. ‘இது நல்லது, மறுபடியும் செய்’ என்று மூளை குறித்துவைக்கிறது. கூடவே மூளையின் அமைதிப்படுத்தும் தொகுதி தூண்டப்பட்டு, கிளர்ச்சியூட்டும் தொகுதி அடக்கப்படுகிறது. கூச்சம் போகிறது, பயம் போகிறது, வாய் திறக்கிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை சபையில் பகிடி விடுகிறான். அவனுடைய நினைவில் பதிவது மதுவின் சுவை இல்லை, அது கசப்புத்தான். தான் வேறொருவனாக மாறிய அந்த இரண்டு மணித்தியாலம்தான் பதிகிறது.

இதில் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. நித்திரை தூங்குதல், கால் தடுமாறுதல், அடுத்த நாள் தலையிடி போன்ற, ‘போதும், நிறுத்து’ என்று உடல் தரும் சமிக்ஞைகள் பதின்ம வயதினருக்குப் பெரியவர்களை விடக் குறைவாகவே கிடைக்கின்றன. ஆனால் நினைவாற்றலுக்கும் கற்றலுக்கும் ஏற்படும் பாதிப்பு அவர்களுக்கு அதிகம். எச்சரிக்கும் மணி மெதுவாக ஒலிக்கிறது, சேதமோ கூடுதலாக நடக்கிறது. அதனால்தான் பொடியன்கள் ஒரே இருப்பில் பெருமளவு குடித்துவிடுகிறார்கள்.

‘அவன் எவ்வளவு குடிச்சாலும் வெறி ஏறாது’ என்பது எங்கள் ஊரில் ஒரு பாராட்டு. குழுவுக்குள் அவனே வீரன். மருத்துவத்தின் பார்வையில் அது ஆபத்தின் முதல் அறிகுறி. அமெரிக்க உளமருத்துவர் மார்க் ஷுக்கிற் மதுவுக்கு அடிமையான தந்தையரின் மகன்மாரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இருபது வயதளவில் மதுவின் தாக்கத்தைக் குறைவாக உணர்ந்தவர்களே பின்னாளில் அதற்கு அதிகமாக அடிமையானார்கள் என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. வெறி ஏறாதவன் மற்றவர்களை விடக் கூடக் குடிக்கிறான். கூடக் குடிக்கக் குடிக்க மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்துக்குப் பிறகு அவனுக்கு மது சந்தோஷத்தைத் தருவதை விட, மது இல்லாமை துன்பத்தைத் தருவது பெரிதாகிவிடுகிறது. அடிமையாதல் என்பது இந்தத் திருப்பம்தான். அது ஒரு நாளில் வருவதில்லை. எந்த நாளில் வந்தது என்று அவனாலேயே சொல்லவும் முடியாது.

தொடங்கும் வயதைப் பற்றியும் தெளிவான தரவு இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரும் தேசிய ஆய்வில், 15 வயதுக்கு முன்னர் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதமானோர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவில் தங்கியிருக்கும் நிலைக்குப் போயிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களில் அது 10 சதவீதமளவே. முந்தித் தொடங்குவதே முழுக் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. முந்தித் தொடங்கும் பிள்ளையின் வீட்டில் ஏற்கனவே வேறு பிரச்சினைகள் இருந்திருக்கலாம். ஆனாலும், ‘பெடியங்கள் இந்த வயசிலை செய்யாமல் எந்த வயசிலை செய்யிறது’ என்று சிரித்துக்கொண்டு விடுபவர்கள் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

போரைப் பார்க்காத பிள்ளைகள்

மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டகைக்குள் பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் படிக்கும் வயதில் இருக்கிறார்கள். ஷெல் சத்தம் அவர்களுக்குத் தெரியாது. பங்கருக்குள் அவர்கள் இருந்ததில்லை. ‘இவங்களுக்கு என்ன குறை, நாங்கள் பட்ட பாட்டிலை ஒரு வீதம் பட்டிருப்பாங்களா’ என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் ஒரு பிழை இருக்கிறது. அவர்கள் போரைப் பார்க்கவில்லை. ஆனால் போரைப் பார்த்தவர்களின் வீட்டில் வளர்ந்தார்கள்.

அந்த வீடுகளில் இரவு எப்படி இருந்தது என்பதை நாம் அதிகம் எழுதியதில்லை. முள்ளிவாய்க்காலில் இருந்து மீண்ட எத்தனையோ ஆண்களுக்கு மது நித்திரை மருந்தாக மாறியது. கண்ணை மூடினால் வரும் காட்சிகளைத் தள்ளிவைக்க அது உதவியது. முதல் சில மணித்தியாலங்களுக்கு மது நித்திரையைத் தரும் என்பது உண்மை. பிற்பகுதி இரவில் அதே மது நித்திரையைக் குலைக்கும் என்பதும், நிறுத்த முயலும் நாட்களில் கெட்ட கனவுகள் முன்னையதை விடக் கூடுதலாகத் திரும்பும் என்பதும் உண்மை. ஆகவே அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிக் குடிக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்வது அந்தத் தந்தையரைக் குற்றவாளிகளாக நிறுத்துவதற்காக அல்ல. அவர்களுக்கு வேறு மருந்து எவரும் கொடுக்கவில்லை. கைகளும் கால்களும் இழந்தவர்களின் கணக்கை எடுத்த நாடு, நித்திரை இழந்தவர்களின் கணக்கை எடுக்கவில்லை.

ஆனால் அதே அறையில், பாயின் மறுபக்கத்தில், ஒரு பிள்ளை படுத்திருந்தது. 2008ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில் உளவியலாளர் கிளோடியா கற்றானியும் அவருடைய குழுவினரும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலை மாணவர்களை நேர்கண்டார்கள். போர், சுனாமி, வீட்டு வன்முறை ஆகிய மூன்றும் பிள்ளைகளின் மனதை எப்படிப் பாதிக்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. பிள்ளை மீது வீட்டில் வன்முறை நிகழ்வதை முன்கூட்டிச் சொல்லக்கூடிய காரணிகளாக அவர்கள் கண்டவை இரண்டு. ஒன்று, போருக்கு முகங்கொடுத்தமை. மற்றது, தந்தையின் குடி. போர் தந்தைக்குள் போகிறது, மதுவும் கூடவே போகிறது, அடி பிள்ளையின் முதுகில் விழுகிறது. இந்த வழி எவருடைய திட்டமும் இல்லாமலே ஓடக்கூடியது.

அந்த ஆய்வு முடியும்போது வன்னியின் இறுதிப் போர் இன்னும் வந்திருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சிறுவயதில் வன்முறையையும் இழப்பையும் கண்டவர்கள் பின்னர் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதை 1998இல் அமெரிக்காவில் வெளியான வின்சென்ற் ஃபெலிற்றியின் ஆய்வு முதல் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. மரபணுவின் பங்கும் உண்டு. மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது என்று கணிக்கப்படுகிறது. இதை ஊர் வேறுவிதமாகச் சொல்லும். ‘தகப்பனைப் போலத்தானே மகனும்’ என்று. இரண்டும் ஒன்றல்ல. பரம்பரை ஒரு சாய்வைத்தான் தருகிறது. அந்தச் சாய்வில் உருளுவதா இல்லையா என்பதை வீடும் ஊரும் பாடசாலையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. ‘தகப்பனைப் போலத்தானே’ என்று ஒரு பிள்ளையின் காதுபட ஆயிரம் முறை சொல்வதும் ஒரு தள்ளுதல்தான்.

இன்னொரு விடயம் பேசச் சங்கடமானது. புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னியில் கசிப்புக்குத் தடை இருந்தது. மீறியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ‘அந்தக் காலத்தில் இப்படி இருந்ததா’ என்று இன்று கேட்பவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ஒழுங்கு வெளியிலிருந்து, அச்சத்தின் துணையோடு நின்ற ஒழுங்கு. பிள்ளையோடு மதுவைப் பற்றிக் கதைக்கும் வேலை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அப்போது வரவில்லை, அதைச் செய்ய ஒரு காவல்துறை இருந்தது. 2009 மே மாதத்துக்குப் பின் காவலும் போயிற்று, ஏ9 வீதியும் திறந்தது, அனுமதிகளும் வந்தன. அதே நேரத்தில் அந்த வேலையைப் பொறுப்பேற்கத் தெரிந்தவர்கள் வீடுகளிலும் இருக்கவில்லை. பல வீடுகளில் தந்தையே இல்லை. தாய் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார், அல்லது காணாமலாக்கப்பட்ட மூத்த பிள்ளையின் படத்தோடு வீதியோரக் கொட்டகையில் இருந்தார். இரண்டாவது மகன் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான் என்று பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

திட்டமிட்ட சதியா?

எங்கள் இளைஞர்களைப் போதையில் ஆழ்த்துவது அரசின் திட்டமிட்ட செயல் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை எள்ளி நகையாடுவது தவறு. சந்திக்குச் சந்தி காவலரண் இருக்கும் ஒரு நிலத்தில் கசிப்பும் கஞ்சாவும் எப்படி இவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்ற கேள்விக்கு எவரும் திருப்தியான பதில் தரவில்லை. மக்கள் வீதிக்கு இறங்கி எதிர்த்த இடங்களிலும் மதுபானசாலைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. கலால் திணைக்களத்தின் வருமானம் 2024இல் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அந்தப் பணத்தில் தங்கியிருக்கும் திறைசேரிக்குக் குடி குறைவதில் அவசரம் இருக்காது.

ஆனால் போரே நடக்காத நுவரெலியாவின் தோட்ட லயன்களில் குடி இதேயளவு குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. தெற்கின் சிங்களக் கிராமங்களிலும் கசிப்புக் காய்ச்சுகிறார்கள், அங்கும் பதினாறு வயதில் தொடங்குகிறார்கள். வறுமையும் நம்பிக்கையின்மையும் இலாபமும் சேரும் இடமெல்லாம் இது நடக்கிறது. எங்களுக்கு அதற்கு மேல் போரும் சேர்ந்தது. சதி உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது பிள்ளையின் வாய்க்குள் போய்ச் சேரும் கடைசி இருபது மீற்றர் எங்கள் கலியாண வீட்டின் பின்வளவு வழியாக, எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வெற்றிக் கொண்டாட்டம் வழியாக, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா பொடியன்களுக்கு வைக்கும் ‘பார்ட்டி’ வழியாகப் போகிறது. செத்தவீட்டு எட்டுப் படையலில், இறந்தவருக்குப் பிடித்ததென்று போத்தலையும் வைத்து, அதைப் பிறகு யார் குடிப்பதென்று பிள்ளைகள் முன்னிலையிலேயே பகிடி விடுகிறோம். இந்த இருபது மீற்றரை எந்தப் படைமுகாமும் எங்களுக்காக அமைக்கவில்லை.

மூன்று மாதங்கள்

பொடியன்கள் எப்போது தொடங்குகிறார்கள் என்று கவனித்தால் இரண்டு காலங்கள் கண்ணில் படும். ஒன்று, சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகு வரும் நீண்ட இடைவெளி. பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து உயர்தர வகுப்புத் தொடங்கும் வரை மாதக்கணக்கில் பிள்ளைக்குப் போக இடமில்லை, செய்ய வேலையில்லை. ரியூசனும் இல்லை. பதினாறு வயது, ஒரு கைத்தொலைபேசி, யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிள், நீண்ட பின்னேரம். வசதியுள்ள வீடுகள் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் அனுப்பிவிடும். மற்றவர்கள் மதகில் இருப்பார்கள்.

மற்றது, படிப்பை விட்ட பிள்ளைகளின் முதல் சம்பளம். ஒன்பதாம், பத்தாம் வகுப்போடு நிற்கும் பொடியன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறான், மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் ஏறுகிறான், அல்லது தொழிலுக்குக் கடலுக்குப் போகிறான். பகல் முழுவதும் வளர்ந்த ஆண்களோடு வளர்ந்த ஆணின் வேலை. பின்னேரம் கூலி கைக்கு வந்ததும் அவர்கள் போகும் இடத்துக்கு அவனும் போகிறான். ‘உழைக்கிறவன், உடம்பு நோ போகவேண்டும்’ என்ற நியாயம் தயாராக இருக்கிறது. அவன் தன்னைச் சிறுவனாக நினைப்பதில்லை, ஊரும் அப்படி நினைப்பதில்லை. பாடசாலைகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் எல்லாம் இவனைத் தொடவே தொடாது. பாடசாலையில் இல்லாத பிள்ளைக்கு எவரும் கருத்தரங்கு வைப்பதில்லை. என்னைக் கேட்டால் ஆபத்தில் மிக ஆழமாக இருப்பது இவன்தான். ஆனால் எங்கள் கட்டுரைகளும் மாநாடுகளும் ‘மாணவர்களிடையே மது’ என்றே தலைப்பிடுகின்றன.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சாராயத்தின் விலை ஏறியது. இந்தப் பொடியன்கள் அதனால் குடியை விடவில்லை, கசிப்புக்கு இறங்கினார்கள். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்த கோடாவில் இருந்து வடித்தெடுக்கும் அதில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது, வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கும் தெரியாது.

பெண் பிள்ளைகளும் குடிக்கிறார்கள் என்பது பேசப்படும்போது பேச்சின் தொனி சட்டென்று மாறிவிடுகிறது. பையன் குடித்தால் ‘கெட்ட சகவாசம்’, பெண் பிள்ளை குடித்தால் ‘கலாசாரச் சீரழிவு’. இதன் விளைவு ஒன்றுதான். உதவி தேவைப்படும் பெண் பிள்ளை எவரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதமானோர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. மேடையேறிப் போதிப்பதை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் கருத்தறிந்து, பின்னேரங்களில் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். அந்தந்த ஊருக்கு அதன் விடைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் ஒதுக்கினார்கள். பெற்றோர் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். அது பணக்கார நாடு, எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். ஆனால் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் எங்கள் ஊர்களில் புதிதாகக் கட்டவேண்டியவை அல்ல. பலவற்றுக்குப் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தில் மாடிக் கட்டடமே இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கேட்கப்படவேண்டியது. சில இடங்களில் குடிக்கும் இடமே கழகத்தின் பின்பக்கம் என்பதை ஊருக்குத் தெரிந்தும் ஊர் பேசாமல் இருக்கிறது. பணம் அனுப்பும் வெளிநாட்டுச் சங்கங்கள் கட்டடத்தின் புகைப்படத்தோடு, அதைத் திறந்து வைத்திருப்பவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம்.

பிடிபட்ட பிறகு

வகுப்பறைக்கு மதுவோடு வந்த, அல்லது சுற்றுலாவில் குடித்துப் பிடிபட்ட மாணவனைப் பாடசாலை என்ன செய்கிறது? பெற்றோரை அழைக்கிறது, எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறது, பல சமயங்களில் விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுக்கிறது. பாடசாலையின் பெயர் காப்பாற்றப்படுகிறது. பிள்ளை அடுத்த வாரம் மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் நிற்கிறான். அவனுக்கும் மதுவுக்கும் இடையில் நின்ற கடைசிக் கட்டடத்திலிருந்து அவனை வெளியே அனுப்பிவிட்டோம் என்பதை எந்த ஒழுக்காற்றுக் குழுவும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

ஒரு பிள்ளை ஒருமுறை குடித்ததற்கும் குடிக்குள் போய்க்கொண்டிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கூட்டாளிகள் இல்லாத நேரத்திலும் குடிப்பது, கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் நித்திரை வராவிட்டாலும் அதையே தேடுவது, முதல் நாள் இரவில் நடந்தது துண்டு துண்டாக மறந்துபோவது, வீட்டில் சிறு பணமும் பொருளும் காணாமல் போவது, முன்னர் உயிராக இருந்த பந்தையோ பாட்டையோ கைவிடுவது ஆகியவை தொடர்ந்து தெரிந்தால் அது பழக்கத்தின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்தவுடன் கை நடுங்கி, ஒரு மிடறு குடித்ததும் அடங்கினால் அது ஏற்கனவே தாண்டிவிட்டது.

அந்த நிலைக்கு வந்தவரை அறைக்குள் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த முயல்வது ஆபத்து. நீண்டநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். கோயிலில் நூல் கட்டிச் சத்தியம் வாங்கும் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது உதவியும் இருக்கிறது. ஆனால் நூலைக் கட்டுமுன் வைத்தியரைக் காணவேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் ஏனைய மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன, கட்டணம் இல்லை. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய உளநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும். போகும்போது பிள்ளையைத் தனியே அனுப்பாமல் ஒருவர் கூடப் போவது நல்லது. அந்த வீட்டில் குடிக்கும் தந்தை ஒருவர் இருந்தால், இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே பதிவுத் துண்டு எடுக்கலாம்.